லாஸ் வேகாஸிலிருந்து ஒன்பது நாள்: நெவாடா, யூட்டா, அரிசோனா செம்பாறைச் சுற்றுப் பயண வழிகாட்டி

அமெரிக்காவில் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் நயாகராவையோ டிஸ்னியையோ சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தாலும் சரி, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றாலும் சரி, மேற்கே இருக்கும் இந்தச் செம்பாறைச் சுற்றைத்தான் சொல்வேன். லாஸ் வேகாஸில் இறங்கி, ஜயான், பிரைஸ் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று வட்டமடித்து மறுபடி லாஸ் வேகாஸ் வந்து சேரலாம். மொத்தம் ஏறத்தாழ 1,000 மைல்.

இதே சுற்றை அவசரமாக முடித்துவிட்டு வந்து, "எல்லா இடமும் ஒரே சிவப்புப் பாறைதான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. உச்சிவெயிலில் இறங்கி, நான்கு படம் எடுத்து, அடுத்த ஊருக்கு ஓடினால் அப்படித்தான் தெரியும். சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான் இந்தப் பாறைகளில் நிறமும் நிழலும் பிரிகின்றன. அதனால் கீழே உள்ள திட்டம் முழுவதும் ஒரே கணக்கில் போட்டது: விடியலும் மாலையும் பாறைக்கு, நடுப்பகல் காருக்கு. இதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரவாவது தங்கியாக வேண்டும்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும்வரை ஒரு பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை இன்னொன்று. என் ஓட்டு அக்டோபருக்கு. வெயில் தணிந்திருக்கும், ஜயானில் ஆற்றோரத்து மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் ஜூன் முதல் பாதியில் போய்விடுவது நல்லது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர்வரை இங்கே இடிமழைக் காலம். உள்ளூரில் இதையும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். வெயில் ஒருபக்கம் இருக்கட்டும், திடீர் வெள்ளம்தான் உண்மையான ஆபத்து. 1997 ஆகஸ்ட் 12 அன்று எங்கோ தொலைவில் பெய்த மழை, பேஜ் அருகே ஒடுங்கிய பாறைப் பிளவான லோயர் ஆன்டிலோப் கேன்யனுக்குள் சுவராகப் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கிறது என்பது அங்கே ஒரு பாதுகாப்பே இல்லை.

தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் போகலாம். குளிர் கடிக்கும், பகல் குறுகியிருக்கும், ஆனால் பிரைஸின் சிவப்புப் பாறைத் தூண்கள்மேல் பனி விழுந்து கிடக்கும் காட்சி அந்த நேரத்தில்தான் கிடைக்கும். காலணியில் மாட்டும் பனிமுள் பட்டை ஒரு ஜோடி ஆளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்; பாதையெல்லாம் வழுக்கும்.

முதலில் எதைப் பதிவு செய்வது

விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறைகளைப் பாருங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில், பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். கிடைக்காவிட்டால் நுழைவாயிலுக்கு வெளியே டுசாயன் ஊரில் தங்கலாம். இரண்டாவது, மானுமென்ட் வேலியில் அறை. அங்கே விடுதிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். மூன்றாவது, ஆன்டிலோப் கேன்யன் சுற்றுலா. இந்த மூன்றின் தேதியும் முடிவான பிறகு மற்றவற்றை அவற்றைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது தேசியப் பூங்கா பாஸ். ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் ஒரு காருக்கு 35 டாலர் கட்டணம். தனித்தனியாகக் கட்டினால் 105 டாலர் ஆகிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸே 80 டாலர்தான். 2026 ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும், பதினொரு பெரிய பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். நம் பாதையில் உள்ள மூன்று பூங்காக்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பூங்காச் சேவையின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையுடன் போங்கள். அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் குடும்பத்துக்கே இலவச பாஸ் உண்டு. நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: ஆன்டிலோப் கேன்யனும் மானுமென்ட் வேலியும் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலம். அங்கே தேசியப் பூங்கா பாஸ் செல்லாது, கட்டணம் தனி. கொலராடோ ஆற்றின் வளைவான ஹார்ஸ்ஷூ பென்ட்டின் வாகன நிறுத்தம் பேஜ் நகராட்சியுடையது, அதற்கும் தனியாக 10 டாலர்.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

இந்தப் பாதையில் ஆட்களைத் தடுமாற வைப்பது மலைப்பாதை அல்ல, மணி. நெவாடா பசிபிக் நேரம். யூட்டா ஒரு மணி நேரம் முன்னால். மற்ற இரண்டையும்போல அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்புவதில்லை. அதனால் மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை நெவாடாவும் அரிசோனாவும் ஒரே மணி, யூட்டா மட்டும் முன்னால். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலம் யூட்டாவோடு சேர்ந்து கடிகாரத்தைத் திருப்பிவிடும். அந்த நவஹோ நிலத்துக்குள் தீவாக இருக்கும் ஹோப்பி மக்களின் நிலம் மறுபடி அரிசோனாவின் பக்கம்!

பேஜ் ஊரில் நிற்கும்போது உங்கள் ஃபோன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். ஆன்டிலோப் சுற்றுலாக்கள் நவஹோ நிலத்தில் நடந்தாலும் பேஜ் ஊரின் அரிசோனா நேரத்தில்தான் நடக்கும். பேஜ் போனதும் ஃபோனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள். மானுமென்ட் வேலி போகும் வழியில் மறுபடி தானியங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நாள் 1: லாஸ் வேகாஸ், ஸ்பிரிங்டேல்

விமான நிலையத்தில் காரை எடுங்கள். நவஹோ நிலத்தின் ஒரு மண்சாலையைத் தவிர எல்லாமே நல்ல தார்ச்சாலை, சாதாரண கார் போதும். இந்திய உரிமத்தில் ஓட்டுபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் மளிகை முடித்துவிட வேண்டும். இனி வரும் ஊர்கள் எல்லாம் சிறியவை. சைவம் என்றால் பீட்சாவும் பரிட்டோவும்தான் துணை. நம் ஆட்கள் வழக்கம்போலக் குக்கரும், அரிசியும், புளிக்காய்ச்சலும், தக்காளித் தொக்கும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அது சரியான யோசனைதான். வெறும் ரைஸ் குக்கருக்குப் பதில் மின்சார பிரஷர் குக்கராக இருக்கட்டும். பிரைஸ் கேன்யன் 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் இரவு பத்து மணிக்கும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். எந்த அறையில் சமைக்க அனுமதி உண்டு என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஜயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊர் 160 மைல். ஐ-15 சாலை அரிசோனாவின் வடமேற்கு மூலையை உரசிக்கொண்டு வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழையும்போதே பயணம் தொடங்கிவிட்டது தெரியும். ஒரு மணி நேரத்தை யூட்டா விழுங்கிவிடும் என்பதால் மதியம் இரண்டு மணிக்காவது கிளம்பிவிடுங்கள். லாஸ் வேகாஸ் விளக்குகள் திரும்பி வரும்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

நாள் 2, 3: ஜயான்

1919-இல் தேசியப் பூங்காவான ஜயானில் நீங்கள் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். மார்ச் முதல் நவம்பர்வரை உள்சாலையில் சொந்தக் கார் விடமாட்டார்கள். இலவச ஷட்டில் பஸ்தான். காலை முதல் சில பஸ்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால் நாள் உங்களுடையது. ஒன்பது மணிக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பெற்றோருடன் போனால் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ரிவர்சைடு வாக் பாதையில் நடங்கள். போக ஒரு மைல், வர ஒரு மைல், தளமிட்ட பாதை, பக்கத்திலேயே ஆறு. அந்தப் பாதை முடியும் இடத்தில்தான் நேரோஸ் தொடங்குகிறது. அங்கே பாதை என்று எதுவும் இல்லை, ஆறுதான் பாதை. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிச் சுவர்கள், நடுவில் முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர். அடியில் உருண்டைக் கற்கள் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து வைக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் கம்பை முன்னால் ஊன்றிப் பார்க்க வேண்டும். நீர்க் காலணியும் கம்பும் ஸ்பிரிங்டேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கஞ்சத்தனம் வேண்டாம், எடுத்துவிடுங்கள். கீழிருந்து மேலே நடந்து, போதும் என்று தோன்றும் இடத்தில் திரும்பலாம். இதற்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆற்றில் நொடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் மூடிவிடுவார்கள்; பனி உருகும் வசந்தத்தில் இது அடிக்கடி நடக்கும். அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். தண்ணீரில் நச்சுப்பாசி இருக்கலாம், ஆகவே பிள்ளைகள் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் இன்னொரு பெயர்பெற்ற ஏற்றம். கடைசி அரை மைல், இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கத்திமுனை மேடு. 2022 ஏப்ரலிலிருந்து இதற்குக் குலுக்கல் முறையில் அனுமதி. பருவத்துக்கு முன்பே ஒரு குலுக்கல், ஏறுவதற்கு முந்தைய நாள் ஒரு குலுக்கல். கிடைக்கவில்லையா, வருத்தப்படாதீர்கள். சங்கிலி தொடங்கும் ஸ்கௌட் லுக்அவுட் வரை அனுமதி வேண்டாம், காட்சியில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும். உயரம் என்றால் தலைசுற்றும் ஆட்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நாள் 4: சுரங்கம் வழியாகப் பிரைஸ்

85 மைல்தான். விடிந்ததும் கிளம்பினால், 1930-இல் கட்டி முடித்த 1.1 மைல் நீளச் சுரங்கச் சாலை காலியாக இருக்கும். அதைத் தாண்டிய உடனே கேன்யன் ஓவர்லுக் பாதை. ஒரு மைல் நடைக்கு ஜயான் முழுவதும் காலடியில். வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு, ஆகவே காலையில் போனால்தான் உண்டு. அப்புறம் வழியில் காட்டுச் செம்மறிகள் சாலையோரம் மேய்வதையும், பாறை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்த செக்கர்போர்டு மேசாவையும் பாருங்கள்.

பிரைஸ் இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பலர் இரண்டு மணி நேரத்தில் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இங்கே இரவில் தண்ணீர் உறைந்து பகலில் உருகுகிறது. பாறை வெடிப்புக்குள் உறையும் நீர் விரிந்து விரிந்து, சுண்ணப்பாறையைச் சுவராக்கி, சுவரைத் துளையாக்கி, துளை இடிந்து தனித்தனித் தூண்களாக நிற்க வைத்திருக்கிறது. இந்தத் தூண்களுக்கு ஹூடு என்று பெயர். ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

சன்செட் பாயின்ட் என்ற பெயரை நம்பி அங்கே சூரியன் மறைவதைப் பார்க்கப் போகாதீர்கள். தூண்கள் நிறைந்த பள்ளம் கிழக்கு நோக்கியது. சாயங்காலம் முழுவதும் நிழலில்தான் கிடக்கும். மறுநாள் விடியலில் பிரைஸ் பாயின்ட்டில் நில்லுங்கள். கோடையிலும் காலையில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். சூரியன் எழுந்த சில நிமிடங்களில் தூண்கள் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். பிறகு குயின்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறுங்கள். மூன்று மைல், இறக்கம் 600 அடி. உயரம் அதிகம் என்பதால் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள். அதற்கு முந்தைய இரவு நிலா இல்லாமல் அமைந்தால் பால்வீதியைப் பார்க்கத் தொலைநோக்கியே வேண்டாம்.

நாள் 5, 6: பேஜ்

பிரைஸிலிருந்து கானப் வழியாக 150 மைல். மாலையில் ஹார்ஸ்ஷூ பென்ட். வண்டி நிறுத்தத்திலிருந்து போய்வர ஒன்றரை மைல், நிழல் மிகக் குறைவு. கொலராடோ ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளைந்து திரும்புவது 1,000 அடிக்குக் கீழே தெரியும். கம்பிவேலி ஒரு பகுதியில் மட்டும்தான் இருக்கிறது; சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பக்கத்தில் கிளென் கேன்யன் அணையும், அது தேக்கிய லேக் பவலும். வறட்சியில் நீர் இறங்கியதால் ஏரிச் சுவர்களில் வெள்ளைப் பட்டை தெரியும்.

மறுநாள் காலை ஆன்டிலோப். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பையும் டிரைபாடும் கூடாது. அப்பர், லோயர் என்று இரண்டு உண்டு. அப்பரில் தரை சமம், பெரியவர்களுக்கு ஏற்றது. மேலிருந்து விழும் ஒளிக்கற்றை கோடை மாதங்களின் நடுப்பகலில் இங்கேதான் கிடைக்கும், விலையும் அதனால்தான் அதிகம். லோயரில் செங்குத்தான இரும்புப் படிகள் இறங்கி ஏற வேண்டும். அந்த ஒளிக்கற்றைக்காக அதிகம் கொடுப்பது என் கணக்கில் வீண். கூட்டம் முட்டும், ஒரு படத்துக்குள் வழிகாட்டி நகரச் சொல்லிவிடுவார். முழங்கால் ஒத்துழைத்தால் லோயருக்குப் போங்கள்.

பிற்பகல் கயென்டா வழியாக மானுமென்ட் வேலி. 125 மைல்தான், ஆனால் கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். டேங்க் பாதியானதும் நிரப்பிக்கொள்வது இனிமேல் விதி.

நாள் 7: மானுமென்ட் வேலி

கௌபாய் படங்களில் பார்த்த தனிப்பாறைகள் இவை. கையுறை வடிவில் நிற்கும் இரண்டு மிட்டன் பாறைகளுக்குப் பின்னால் சூரியன் எழுவதை, பார்வையாளர் மைய மேடையிலிருந்தே பார்க்கலாம். கீழே 17 மைல் மண்சாலை ஒன்று சுற்றி வருகிறது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலையில் ஓட்டத் தடை இருக்கும். நவஹோ வழிகாட்டி ஓட்டும் திறந்த ஜீப்பில் போங்கள்; சொந்தக் காரில் அனுமதியில்லாத பகுதிகளுக்கும் கூட்டிப்போவார்கள். இது மக்கள் வசிக்கும் இடம். வீடுகளையோ ஆட்களையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள், டிரோன் வேண்டாம். நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை. சாலையில் ஆடுகளும் குதிரைகளும் தாராளமாகக் குறுக்கே வரும், அதனால் இருட்டியபின் ஓட்டாதீர்கள்.

இங்கே வந்ததும் யாராவது ஒருவர், "நான்கு மாநிலங்கள் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் பக்கம்தானே?" என்பார். போக 100 மைல், வர 100 மைல், பார்க்க ஒரு தகடு. வேண்டாம்.

மதியம் கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாசலுக்கு வாருங்கள். தெற்கு வாசலில் விடுமுறை நாட்களில் நீளும் வரிசை இங்கே இருக்காது. உள்ளே நுழைந்ததுமே டெசர்ட் வியூ. மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் எழுந்த 70 அடிக் கற்கோபுரம்.

நாள் 8: கிராண்ட் கேன்யன்

277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம். ஜயானில் அண்ணாந்து பார்த்தீர்கள், இங்கே குனிந்து பார்க்கிறீர்கள். மூன்று பூங்காக்களும் ஒரே அடுக்கின் தொடர்ச்சிதான்: பிரைஸின் அடிப்பாறை ஜயானின் உச்சி, ஜயானின் அடிப்பாறை கிராண்ட் கேன்யனின் உச்சி. கீழே ஆற்றோரம் கறுத்துத் தெரியும் பாறை ஏறத்தாழ 170 கோடி ஆண்டுப் பழையது. அதன் பெயர் விஷ்ணு ஷிஸ்ட்! 1880-களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களைச் சிகரங்களுக்கு வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் மூன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. அம்மாவிடம் விரல் நீட்டிக் காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

காலையில் ஷட்டில் பிடித்து சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட் வரை இறங்குங்கள். ஒரு பக்கம் 0.9 மைல். வழியில் தண்ணீர் கிடையாது. இறங்க எவ்வளவு நேரமோ ஏற அதைப்போல் இருமடங்கு என்று கணக்கு வையுங்கள். அடிவாரம்வரை போய் ஒரே நாளில் திரும்பும் ஆசையைப் பூங்காக் காவலர்களே தடுப்பார்கள். இறங்கி ஏற முடியாதவர்கள் விளிம்போரப் பாதையிலும் ஹெர்மிட் சாலை ஷட்டிலிலும் நாளைக் கழிக்கலாம். மாலைக்கு ஹோப்பி பாயின்ட். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். முடித்துக் காட்டினால் பேட்ஜ் தருவார்கள், எல்லாப் பூங்காக்களிலும் உண்டு.

வடக்கு விளிம்பை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த விடுதி எரிந்துபோனது. குளிர்காலத்தில் எப்படியும் மூடியிருக்கும். கண்ணாடித் தரை ஸ்கைவாக்கும் இங்கே இல்லை. அது ஹுவாலபாய் மக்களின் நிலத்தில், இங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது, கட்டணமும் தனி.

நாள் 9: ரூட் 66 வழியாகத் திரும்புதல்

லாஸ் வேகாஸ் 280 மைல். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ரூட் 66 என்ற பழைய சாலையில் இருக்கும் வில்லியம்ஸிலும் செலிக்மனிலும் நில்லுங்கள். ஐ-40 நெடுஞ்சாலை வந்ததும் செத்துப்போக இருந்த செலிக்மனில் ஏஞ்சல் டெல்காடியோ என்ற முடிதிருத்துபவர் ஊர்க்காரர்களைத் திரட்டி, 1987-இல் ரூட் 66-க்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை வாங்கிக் கொடுத்தார். கடைசியாக ஹூவர் அணை: 726 அடி உயரம், மேலே 2010-இல் திறந்த பாலத்தில் நடந்துபோனால் அணை முழுவதும் தெரியும்.

ஒன்பது நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் எல்லா இடத்தையும் நெருக்கிச் சேர்க்காதீர்கள். ஐந்து நாள் என்றால் ஜயானில் இரண்டு இரவு, பிரைஸில் ஓர் இரவு, பேஜில் ஓர் இரவு, கானப் வழியாகவே திரும்பிவிடுங்கள். கிராண்ட் கேன்யனையும் மானுமென்ட் வேலியையும் அடுத்த விடுமுறைக்கு வைத்து, அப்போது லாஸ் வேகாஸுக்குப் பதில் ஃபீனிக்ஸில் இறங்குங்கள்.